ராக்கில் ஸ்விட்ச் ஏற்றியவர்களே, இன்னும் மனதைக் குடையும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

அம்பத்தூர் இரவுப்பறவை

நானே தொடங்குகிறேன். அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டர், சர்வர்களை அடுக்கும் இரும்புச் சட்டங்களான ராக்குகளின் உச்சியில் புது நெட்வொர்க் ஸ்விட்ச்சுகள் (சர்வர்களின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டிகள்) ஏற்றும் வேலை. சர்வர்களின் நெட்வொர்க் போர்ட்டுகள் பின்பக்கம் என்பதால் ஸ்விட்ச்சின் போர்ட் முகத்தையும் ஹாட் ஐல் பக்கமே, அதாவது சர்வர்கள் சூடான காற்றை ஊதும் இடைவழிப் பக்கமே, வைக்கச் சொன்னார்கள். அதில் தவறில்லை, எங்கும் செய்வதுதான். பவர் கொடுத்ததும் ஃபேன்கள் அலறின. தொடக்கத்தில் அலறும், பிறகு அடங்கும். இது அடங்கவில்லை. சட்டைப் பையிலிருந்த கேட் பாஸ் சீட்டை எடுத்துப் போர்ட்டுகளுக்கு முன்னால் பிடித்தேன். பச்சென்று போய் ஒட்டிக்கொண்டது!

ஊத வேண்டிய பக்கம் உறிஞ்சுகிறது. சர்வர்கள் கக்கும் அனலையே மூச்சாக இழுக்கிறது. ஆர்டரில் கேட்டது ஒரு திசை ஃபேன், பெட்டியில் வந்தது மறு திசை ஃபேன். வாடிக்கையாளர் தரப்பு மேலாளரைக் கூட்டிவந்து சீட்டைக் காட்டினேன். "ஓடுகிறதல்லவா தம்பி? கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றார். படிவத்தில் 'காற்றோட்டம் தலைகீழ், ஃபேன் மாற்ற வேண்டும்' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். அந்த வரியை ஒருவராவது படித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

கேஜ்நட் காயம்

எனக்குச் சத்தம்தான் நினைவில் இருக்கிறது. ஒரு யூ (ராக்கின் உயர அளவு) உயரத்துக்குத் தூணில் மூன்று துளைகள், அவற்றின் இடைவெளியும் சமமில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எனக்கு முந்தைய ஷிப்ட் ஆள் ஒரு துளை தள்ளி நட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஸ்விட்ச்சின் காது திருகுக்கு நேராக வரவே இல்லை. நட்டைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், தெறித்தது. கீழே முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள். டிங். டிங். டக். அதோடு சரி, தரையில் விழுந்த ஓசை வரவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தோம், காந்தக் குச்சியை விட்டுத் துழாவினோம், தரை டைலைக்கூடத் தூக்கிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அந்த ராக்கிலிருந்து எச்சரிக்கை மின்னஞ்சல் வரும்போதெல்லாம், விஷயம் என்னவென்று படிக்கும் முன்பே அந்த நட்தான் நினைவுக்கு வரும்.

மின்தடம்

இரவுப்பறவை சார் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரே, உள்ளே போகும் காற்றுக்குப் பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி என்பது நல்ல பழக்கத்துக்கான அளவு. பல ஸ்விட்ச்சுகளுக்கு 40 டிகிரி வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே போட்டிருக்கிறார். ஓடட்டுமே.

என் சம்பவம் சிறியது. ராக்கில் ஏ, பி என்று இரண்டு பி.டி.யு. (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை), ஒன்றில் சிவப்பு லேபிள், ஒன்றில் நீலம். ஒரு யு.பி.எஸ். விழுந்தபோது ஸ்விட்ச்சின் இரண்டு பவர் சப்ளைகளும் ஒன்றாகப் போயின. மேலே போய்ப் பார்த்தால் இரண்டு லேபிளுக்கும் தாய் ஒருத்திதான்.

ஆகவே இளைஞர்களுக்குச் சொல்கிறேன். ஸ்விட்ச்சை ஏற்றியவுடன் முதலில் எர்த் கம்பி, பிறகுதான் பவர். இரண்டு பவர் கார்டும் (மின்வடம்) செருகிய பின் ஒன்றைப் பிடுங்குங்கள், ஸ்விட்ச் அணையாமல் ஓடுகிறதா பாருங்கள், மீண்டும் செருகி மற்றதைப் பிடுங்குங்கள். இதை ஸ்விட்ச் நிஜப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே செய்யுங்கள், பிறகு யாரும் அனுமதி தரமாட்டார்கள். பூட்டுள்ள கார்டு கிடைத்தால் அதையே கேளுங்கள், ஒருவர் முழங்கை பட்டால் சாதாரணக் கார்டு கழன்றுவிடும். ஃபைபரை (ஒளியிழைக் கேபிளை) பிளாஸ்டிக் டையால் இறுக்காதீர்கள், வெல்க்ரோ பட்டை போதும். ஃபைபர் நுனியைச் செருகும் முன் துடையுங்கள், புதுப் பாக்கெட்டிலிருந்து எடுத்ததானாலும் துடையுங்கள். இணைப்பு எரியவில்லை என்றால் ஆப்டிக்கை (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூலை) குறை சொல்லும் முன் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள், அனுப்பும் முனை மறுபக்கத்தின் அனுப்பும் முனையோடே சேர்ந்தால் எந்தக் காலத்திலும் எரியாது. காலி யூக்களை மூடும் தகடு வாங்க நிர்வாகம் கஞ்சத்தனம் செய்யும், விடாமல் கேளுங்கள். லேபிள் இரண்டு முனையிலும் வேண்டும்.

அம்பத்தூர் இரவுப்பறவை

மின்தடம் சார், 40 என்பது எல்லைக்கோடு. எல்லைக்கோட்டில் குடியிருக்கச் சொல்கிறீர்களா? இன்னொன்று, போர்ட்டில் செருகியிருக்கும் சாதாரண ஆப்டிக் மாட்யூலின் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். தன் சூடே அதற்குப் போதாதென்று வெளியிலிருந்து வரும் அனலும் முதலில் அதன் மேல்தான் படுகிறது. ஸ்விட்ச் ஓடும், ஆப்டிக் ஒவ்வொன்றாகச் சாகும். அதை மாற்ற நள்ளிரவில் போகிறவன் மேலாளர் அல்ல, நான். மேலும் சம்பவம் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன், பாடம் கேட்கவில்லை.

ஜூரோங் கயல்

அண்ணன்மார் இருவரும் பொறுங்கள். சிங்கப்பூரில் 2023-இல் வெப்பமண்டல டேட்டா சென்டர்களுக்கென்றே ஒரு தரநிலை வந்தது. அறை வெப்பத்தைப் படிப்படியாக 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் கொண்டுபோகலாம் என்கிறது. அது கோல்டு ஐலில், அதாவது குளிர்காற்று இடைவழியில், வரும் காற்றைப் பற்றியது. ஹாட் ஐல் காற்றைக் குடிக்கச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நான் இரவுப்பறவை அண்ணன் பக்கம்.

என் கதை. நிர்வாக நெட்வொர்க்குக்கு 48 போர்ட் ஸ்விட்ச் ஒன்று. கன்சோலில் அமைப்பு (கான்ஃபிகரேஷன்) முழுவதும் ஏற்றிச் சேமித்து, கேபிள்களை வரிசையாகச் செருகிவந்தேன். கடைசியாக முதல் போர்ட். செருகிய சில நொடிகளில் எல்லா விளக்கும் சிமிட்டின, ஸ்விட்ச் அணைந்து எழுந்தது, அமைப்பு துடைத்தெடுத்தது போல் காலி. மீண்டும் ஏற்றினேன், மீண்டும் அதே கதி. மூத்தவர் வந்து, "எதையோ அழுத்தியிருப்பாய் அம்மா" என்றார். நீங்களே செருகுங்கள் சார் என்று தள்ளி நின்றேன். அவர் செருகினார். விளக்குகள் சிமிட்டின.

அழுத்தியது கேபிள்! முதல் போர்ட்டுக்குச் சற்று மேலே மோட் பட்டன். கேபிள் முனையின் ரப்பர் மூடி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விடாமல் அழுத்தினால் அமைப்பை அழித்துவிடும் பட்டன் அது. அந்த மாடல்களைப் பற்றித் தயாரிப்பாளரே 2013-இல் அறிவிப்பு வெளியிட்டிருந்தார் என்று பிறகுதான் படித்தேன். மூத்தவர் சொன்னது ஒன்றே: "வேறு கேபிள் எடு." முன்பு சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. பட்டனை மன்னித்துவிட்டேன், அவரை இல்லை.

நெட்வொர்க் நாகராணி

கயல், அந்த மூத்தவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார்.

கேஜ்நட் காயம் அவர்களுக்கு: நட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது, அதற்கென்று கொக்கிக் கருவி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. கீழே ஒரு துணி விரித்துக்கொண்டு வேலை செய்திருந்தால் நட் அதில் விழுந்திருக்கும்.

கேஜ்நட் காயம்

நாகராணி மேடம், கருவி இருந்தது. சாவியோடு முந்தைய ஷிப்ட் ஆளின் பையில் இருந்தது. ஓடும் சர்வர்களின் முகத்தில் துணி விரித்தால் காற்று அடைபட்டு, நட் விழுவதற்கு முன்பே அலாரம் அடிக்கும். அடுத்த ராக்குக்கு நட் தேவைப்படாத, கொளுவினால் உட்காரும் ரெயில் கேட்டு எழுதியிருக்கிறேன். கொள்முதல் பிரிவு, 'பழைய நட்டுகள் பெட்டி நிறைய இருக்கின்றனவே' என்று பதில் அனுப்பியிருக்கிறது.