பிபிஎஃப் ஸ்டாக் மேப்ல -17 வருது, யாராச்சும் பாத்திருக்கீங்களா?

மக்களே, மூணு நாளா இதுலயே மாட்டிக்கிட்டு நிக்கிறேன். பிபிஎஃப் (கெர்னலுக்குள்ளயே சின்ன புரோகிராம் ஓட்டுற வசதி) வெச்சு சிபியு நேரம் எங்க போகுதுன்னு பாக்குறேன்; ஸ்டாக் மேப்ங்கறது ஒவ்வொரு ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டுச்சுங்கற வரிசை) ஒரு ஐடி போட்டு வெக்கிற டேபிள். உபுண்டு 22.04, லினக்ஸ் கெர்னல் 5.15, 8 கோர் வெர்ச்சுவல் மெஷின், சிபியு கிளாக் ஈவன்ட்ல 99 ஹெர்ட்ஸ்ல சாம்பிள் எடுக்குறேன். முதல் பத்து நிமிஷம் ஃப்ளேம் கிராஃப் (எந்த ஃபங்ஷன்ல எவ்ளோ நேரம் போகுதுன்னு காட்டுற படம்) அழகா வருது, அப்புறம் ஸ்டாக் ஐடி கேட்டா -17 எரர், அதாவது அந்த ஸ்டாக்குக்கான பக்கெட்ல (மேப்ல ஒரு இடம்) ஏற்கனவே வேற ஸ்டாக் உக்காந்திருக்கு, இதுல ஒரே இடத்துல பலத கோத்து வெக்கிற செயின் எல்லாம் கிடையாது, ஒரு பக்கெட்டுக்கு ஒரே ஸ்டாக்தான்.

மேப் சைஸ 16384லேர்ந்து 65536 ஆக்கிப் பாத்துட்டேன், குறையுது ஆனா போகல. ரீயூஸ் ஃபிளாக் போட்டா எரர் நின்னுடுது, ஆனா பழைய ஸ்டாக்க தள்ளிவிட்டு புதுசு அதே ஐடில வந்து உக்காருது, நேத்து மெமரி காப்பியோட கவுண்ட் பூரா டிஸ்க் ரைட் கணக்குல ஏறி நின்னுச்சு (இதுக்கு எரரே தேவல). 10 செகண்டுக்கு ஒருக்கா மேப்ப காலி பண்ணா நடுவுல வர்ற ஐடிங்க அனாதையாயிடுது (ஐடி இருக்கும், அதோட ஸ்டாக் இருக்காது).

இப்ப யோசிக்கிறது, முழு ஸ்டாக்கையும் ரிங் பஃபர்ல (கெர்னல்லேர்ந்து டேட்டா வெளிய அனுப்புற பஃபர்) தள்ளி யூசர் ஸ்பேஸ்ல, அதாவது கெர்னலுக்கு வெளிய ஓடுற நம்ம புரோகிராம்ல, எண்ணிக்கலாம்னு. 127 ஃப்ரேம்னா (ஸ்டாக்ல ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு ஃப்ரேம், 8 பைட்) கிட்டத்தட்ட 1 கேபி, 8 கோருக்கும் சேத்து செகண்டுக்கு 792 சாம்பிள், பெரிய சுமை இல்ல. ப்ரொடக்ஷன்ல ஓட்டுனவங்க சொல்லுங்க, இப்படியே போகலாமா, இல்ல ரெண்டு ஸ்டாக் மேப் வெச்சு மாத்தி மாத்தி ஓட்டணுமா?