முதுகுப் பையோடு நாகலாபுரம் மலை: தண்டையார்பேட்டையில் இருந்தபடி எப்படித் தயாராவது?

தண்டையார்பேட்டைக்காரன்:
வணக்கம். தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நண்பர்கள் நால்வர் நாகலாபுரம் மலைக்குள் நடக்க எண்ணியிருக்கிறோம். துணி, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் முதுகில்தான். தினமும் கடற்கரையில் ஓடுகிறேன், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் ஏறிப் பழக நம் பக்கம் மேம்பாலத்தை விட்டால் மேடே கிடையாது. என்ன பயிற்சி செய்யலாம்? பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

செங்குன்றம் வாசி:
முதலில் அனுமதி. மலை ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இரவு தங்க விடுவார்களா என்று அந்த மாநில வனத்துறையிடம் கேளுங்கள். இல்லையென்றால் விடியற்காலை ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம் வழியாக, போகும் வழியில் மாநில எல்லையோரம் இருக்கும் ஊத்துக்கோட்டைக்கு பஸ் இருக்கிறது.

நான்காவது மாடி:
தம்பி, மலையில் உங்களை நிறுத்தப்போவது மூச்சு அல்ல, முழங்கால். அதுவும் இறங்கும்போது. ஒவ்வோர் அடியிலும் உடம்பையும் பையையும் விழாமல் பிடிப்பது தொடைத்தசை. சமதரை ஓட்டத்தில் அதற்கு அந்த வேலை இவ்வளவு வருவதில்லை. படிக்கட்டுதான் வழி. எங்கள் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, காலையில் குடங்கள் ஏறத் தொடங்குமுன் ஏறி இறங்கிவிடுவேன். இறங்கும்போது தடதடவென்று இறங்காதீர்கள். பாதம் சத்தமில்லாமல் பதியட்டும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, கணக்கு சுலபம். மெல்ல மெல்லக் கூட்டுங்கள். மொத்தப் பை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். இடுப்புப் பட்டை இல்லாத பையை வாங்கவே வாங்காதீர்கள். பட்டையை இடுப்பெலும்பின் மேல் வைத்து இறுக்கியதும் தோளில் பாரம் குறைவது தெரிய வேண்டும்.

அங்கே வழி என்பதே பெரும்பாலும் ஓடைதான். பெரிய பெரிய பாறைகள், நடுநடுவே மடுக்கள். பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிவிடலாம். ஈரத்தில் கறுத்து, ஒன்றுமில்லாததுபோல் கிடக்கும் பாறைதான் ஆளை வாரிவிடும். காய்ந்து வெளுத்த இடமாகப் பார்த்துக் கால் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மலையுச்சிப் பக்கம் வானம் கறுத்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் ஓடையை விட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால், பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள். நீச்சல் தெரியாதவர் மடுவில் இறங்கவே கூடாது.

காசிமேடு:
பையின் மேலுறையை நம்ப வேண்டாம். உள்ளே கனத்த பிளாஸ்டிக் பையை விரித்துப் பொருள்களை வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். கடலுக்குப் போகும்போது செல்போனை நாங்கள் இப்படித்தான் நனையாமல் காப்பாற்றுகிறோம். முதல் நாளுக்குப் புளிச்சோறு, மறுநாளுக்கு அவல், வெல்லம், வறுகடலை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது.

தண்டையார்பேட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. எங்களில் இருவருக்கு நீச்சல் தெரியாது; மடு வந்தால் எல்லோருமே கரையோடு சுற்றிப் போகிறோம், வழி இல்லையென்றால் திரும்பிவிடுகிறோம். திங்கட்கிழமை வனத்துறைக்கு போன் செய்கிறேன். அக்கா, ஊன்றுகோல் வேண்டுமா?

நான்காவது மாடி:
இறக்கத்தில் மிகவும் உதவும். ஆனால் பாறையைக் கையால் பற்றி ஏறும் இடத்தில் இடைஞ்சல். மடக்கிப் பையில் செருகக்கூடியதாக வாங்குங்கள், படிக்கட்டிலேயே பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.