டர்ஹாமின் ஒளித் திருவிழா பல்கலைக்கழகத்தை ஊரோடு இணைத்ததா?

நதிக்கரை எழுதியது:
இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில் 2009 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நவம்பரில் நடந்துவந்த லுமியேர் ஒளித் திருவிழா, 2025-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தையும் ஊரையும் ஒரே இடத்தில் கூட்டிய நிகழ்வு போய்விட்டதே என்று வருந்துகிறேன். பேலஸ் கிரீன் புல்வெளியின் ஒருபுறம் பேராலயம், எதிர்ப்புறம் மாணவர்கள் தங்கும் கோட்டை, பக்கத்தில் பல்கலைக்கழக நூலகம். ஒளிக்கலைஞர் ராஸ் ஆஷ்டனின் ‘கிரவுன் ஆஃப் லைட்’ என்ற படைப்பு, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் காப்பில் இருக்கும் பழமையான லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியின் ஓவியங்களைப் பேராலயச் சுவரில் படரவிட்டபோது, ஊரார் அனைவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கல்தச்சன் எழுதியது:
அண்ணாந்து பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்களா? குடும்பங்கள் வாழ்ந்த தெருக்கள் மாணவர்களின் வாடகை வீடுகளாக மாறி, விடுமுறையில் வெறிச்சோடிக் கிடக்கின்றன என்பது டர்ஹாம்வாசிகளின் நெடுநாள் குறை. நான்கு இரவு வெளிச்சம் அதைத் தொடவில்லை. ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கலைஞர் கிரிஸ்டாஃப் வோடிச்கோ, 1998 செப்டம்பரில், பாஸ்டன் நகரின் சார்ல்ஸ்டவுன் பகுதியிலுள்ள 221 அடி உயர பங்கர் ஹில் நினைவுத் தூணில், கொலைக்கு மகன்களைப் பறிகொடுத்த தாய்மாரின் முகங்களையும் கைகளையும் ஒளியாக ஏற்றி, அவர்கள் குரலையே ஒலிக்கச் செய்தார். கொலைகளைப் பற்றி வாய்திறக்க அஞ்சிய பகுதியில் அந்தக் கல்தூண் பேசியது.

நதிக்கரை எழுதியது:
அது துயரத்துக்கு ஏற்ற வடிவம். எல்லா ஊரும் அழுவதற்காகவே கூட வேண்டுமா? இந்த வளாகம் நமக்குரியதல்ல என்று ஒதுங்கிப்போகிறவர், ஓர் இரவு தம் பிள்ளையைக் கைபிடித்து உள்ளே நடந்துவருவதை நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

ஆதிரை எழுதியது:
சுவரில் ஏற வேண்டியதைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்று நீங்கள் இருவரும் கேட்கவில்லை. 1871-இல் தொடங்கிய டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் விழாவில், இன்றும் ஜூலை மாதம் தொழிலாளர்கள் சங்கப் பதாகைகளை வாத்திய இசையோடு ஊர்வலமாக எடுத்துவந்து, சிலவற்றைப் பேராலயத்துக்குள் கொண்டுபோய் ஆசி பெறுகிறார்கள். டர்ஹாம் வட்டாரத்து ஈசிங்டன் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல்தான் மூடப்பட்டது. அங்கே உழைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் ஓராண்டுக் காலம் அவர்கள் வீடு தேடிச் சென்று, பேச்சைப் பதிவுசெய்து, எந்த முகம், எந்தச் சொல் என்ற முடிவை அவர்களிடமே விடலாமே.

கல்தச்சன் எழுதியது:
அப்படியானால் என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன், ஒரு நிபந்தனையோடு. பேராலயச் சுவர் வேண்டாம். மாணவர்கள் உறங்கும் கோட்டையின் வெளிச்சுவரில் அந்த முகங்கள் விழட்டும்.