கேரளத்துக் கிளப்பா, ஐரோப்பிய டிரையல்ஸா? அக்கா மகனுக்காக ஒரு கேள்வி

வள்ளவிளை மாமன்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகனின் எதிர்காலம் குறித்து, கால்பந்தை நன்கு அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்க வந்திருக்கிறேன். அவனுக்கு 20 வயது. இடது விங்கில், அதாவது இடது ஓரமாகத் தாக்கும் இடத்தில், ஆடுகிறான். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எங்கள் கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் எல்லோரையும் போலக் கடல் மணலில் தொடங்கி, ஊர்க் கிளப்புக்கும் கல்லூரி அணிக்கும் மாவட்ட அணிக்கும் ஆடியவன். கடந்த இரண்டு பருவங்களாக மலப்புறம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு எழுவர் ஆடும் கால்பந்து) ஆடி, வீட்டுச் செலவுக்கும் பணம் கொடுத்து வருகிறான்.

திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு கிளப், கேரள பிரீமியர் லீக்கில் ஆடுவதற்கு ஓராண்டு ஒப்பந்தம் தர முன்வந்திருக்கிறது. சம்பளம் குறைவு, தங்குமிடமும் உணவும் உண்டு. இதற்கிடையில், செவன்ஸ் மைதானத்தில் அறிமுகமான ஒரு ஏஜென்ட், கிழக்கு ஐரோப்பாவில் மூன்றாம் டிவிஷன் அணி ஒன்றின் டிரையல்ஸுக்கு (ஆடவைத்துப் பார்த்து வீரரைத் தேர்வு செய்வது) அழைத்துப் போவதாகச் சொல்லி, நான்கரை லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். அத்தான் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். விசைப்படகில் தமக்குள்ள பங்கை விற்றாவது அனுப்பிவிடலாம் என்கிறார். அக்காவுக்கு அதில் சம்மதமில்லை. பையனோ இரவெல்லாம் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எந்த வழி சரியாக இருக்கும்?

பொழியூர் பயிற்சியாளர்:

ஐயா, எல்லைக்கு இந்தப் பக்கம் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன்; உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் மோதாத கோடை விடுமுறையே கிடையாது. திருவனந்தபுரத்துக்கு அனுப்புங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 20 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில் ஒரு வீரன் பதினொருவர் ஆட்டத்தில் எத்தனை நிமிடங்கள் களத்தில் இருந்தான் என்பதுதான் அவனுடைய பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது. எந்த நாட்டில் இருந்தான் என்பது அதற்கு அடுத்தபடியாகத்தான் வரும்.

நம் நாட்டின் பெரிய வீரர்கள் வெளிநாட்டில் கண்ட அனுபவத்தைப் பையனிடம் விரிவாகச் சொல்லுங்கள். பாய்ச்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி அணியில் சேர்ந்தபோது ஏற்கெனவே இந்திய அணியின் முன்னணி வீரர். அப்படியிருந்தும் கீழ் டிவிஷனில் ஆடிய அந்த அணியில் நிரந்தர இடத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 2002-இல் அந்தக் கிளப்பே கடன் நெருக்கடியில் சிக்க, அவர் கொல்கத்தாவுக்குத் திரும்பினார். சுனில் சேத்ரிக்கு 2009-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் வாய்ப்பளித்தும், உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லாததால் பணி அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு 2010-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்கும், 2012-இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பினுடைய பி அணிக்கும் போனார்; இரண்டு இடங்களிலும் அவர் களமிறங்கிய ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2013-இல் பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்து வாரந்தோறும் ஆடத் தொடங்கிய பிறகுதான் அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகள் அமைந்தன. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்து, லீக் ஆட்டம் ஒன்றில் இறங்க 2016 வரை காத்திருந்தார். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கில் ஆடிய முதல் இந்தியர் என்ற பெருமை அந்தப் பொறுமைக்குப் பின்னரே அவருக்குக் கிடைத்தது. கோல்கீப்பரால் அப்படிக் காத்திருக்க முடியும். 20 வயது விங்கர் இரண்டு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்தால் வேகமும் போய்விடும், நம்பிக்கையும் போய்விடும்.

இவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் பக்கத்து ஊரான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் நம் கண்முன் இருக்கிறார். அவரும் இடது பக்கம் ஆடியவர்தான். சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் ஆடி, 2018-இல் ஜாம்ஷெட்பூருக்கும் 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும் போய், அடுத்த ஆண்டே இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்ற அணியில் இருந்தார். இந்திய அணிக்கும் ஆடினார். நம் கடற்கரையிலிருந்து இப்படி ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு படியும் உள்நாட்டில் ஆடிப் பெற்றது.

பாறசாலை வழக்கறிஞர்:

பயிற்சியாளர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏஜென்ட்டாகச் செயல்பட ஃபிஃபாவின் உரிமம் வேண்டும். அதற்குத் தேர்வு உண்டு, உரிமம் பெற்றவர்களின் பட்டியலை ஃபிஃபாவின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அவருடைய பெயர் அதில் இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். முறையான ஏஜென்ட், தாம் பெற்றுத்தரும் ஒப்பந்தத்தின் ஊதியத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைத்தான் கட்டணமாகப் பெறுவார். ஒப்பந்தமே இல்லாத நிலையில் நான்கரை லட்சம் கேட்பவர், பையனின் ஆட்டத்தால் வரும் வருமானத்தை நம்பி இருக்கவில்லை. உங்கள் அத்தானின் படகுப் பங்கை நம்பியே இருக்கிறார்.

உண்மையாகவே ஒரு வெளிநாட்டுக் கிளப் வீரரை விரும்பினால், கிளப்பின் பெயரிலேயே அழைப்புக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தில் உள்ள முகவரிக்கு எழுதுவதைவிட, அந்த நாட்டின் கால்பந்துச் சம்மேளனத்திடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்வது நல்லது. தேர்வான பிறகு, இந்தியச் சம்மேளனத்திடமிருந்து சர்வதேச மாற்றுச் சான்றிதழ் போகாமல் அவனை அங்கே பதிவு செய்யவே முடியாது. சுற்றுலா விசாவில் போனவன் சம்பளத்துக்கு ஆடவும் முடியாது. ஏஜென்ட் இந்த இரண்டையும் பற்றி இதுவரை ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

திருவனந்தபுரம் ஒப்பந்தத்தையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். ஃபிஃபா விதிகளின்படி, இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால் வீரர் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்துமூலம் அறிவித்து, அதன் பிறகும் பணம் வராவிட்டால் விலகிக்கொள்ள வழியுண்டு.

வள்ளவிளை மாமன்:

இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியலில் தேடிப் பார்த்தோம். அந்த ஏஜென்ட்டின் பெயர் அதில் இல்லை. அழைப்புக் கடிதம் கேட்டதற்கு, பணம் கட்டிய பிறகே தருவேன் என்றார். அத்தானும் இப்போது மனம் மாறியிருக்கிறார். ஆனால் கிளப் ஒப்பந்தத்தில் செவன்ஸ் ஆடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. செவன்ஸில் ஒரே மாதத்தில் கிடைப்பது, கிளப் மூன்று மாதங்களில் தருவதற்குச் சமம். இதை எப்படி ஈடுகட்டுவது?

மார்த்தாண்டம் உடற்கல்வி ஆசிரியை:

சகோதரரே, அந்த விதி உங்கள் பையனைக் காப்பதற்கானதுதான். செவன்ஸின் மீது எனக்கு மரியாதை உண்டு. எத்தனையோ ஏழை வீடுகளுக்கு அது சோறு போட்டிருக்கிறது. ஆயினும் சிறிய மைதானத்தில், இரவு விளக்கொளியில், அடுத்தடுத்த நாள்களில் ஆடும்போது முழங்காலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. ஐ.எஸ்.எல். அணியில் மருத்துவரும் பிசியோவும் பக்கத்திலேயே இருந்தபோதும், 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜுக்கு முழங்காலில் பட்ட காயம் அந்தப் பருவம் முழுவதையும் பறித்துக்கொண்டது. செவன்ஸ் மைதானத்தில் அதே காயம் பட்டால் யார் பொறுப்பேற்பார்கள்?

வருமானத்துக்கு நான் சொல்லக்கூடிய வழி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை. கேரள போலீஸ் 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்த ஐ.எம். விஜயன், பின்னர் மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சி என்று நாடு முழுவதும் ஆடினார். 2025-இல் காவல்துறை அதிகாரியாகவே ஓய்வு பெற்றார். பாலா தேவி மணிப்பூர் காவல்துறையில் வேலை பார்த்தவர். கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அவருடைய ஆட்டத்தை டிரையல்ஸில் பார்த்து, 2020 ஜனவரியில் 18 மாத ஒப்பந்தம் கொடுத்தது. அவர் அங்கே போனபோது பல ஆண்டுகள் இந்தியாவுக்கு கோல் அடித்த முன்கள வீராங்கனை.

உள்நாட்டு லீக்கையும் கண்மூடித்தனமாக நம்பிவிட முடியாது. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டபோது, நல்ல ஒப்பந்தம் வைத்திருந்தவர்களே அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று கவலைப்பட்டார்கள். ஆகவே பட்டப்படிப்பை முடிக்கச் சொல்லுங்கள். ரயில்வே, வங்கி, மின்வாரிய அணிகளின் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வயதும் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். மாவட்ட, பல்கலைக்கழகப் போட்டிச் சான்றிதழ்களின் மூலங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

பாறசாலை வழக்கறிஞர்:

இன்னும் ஒன்று. தமிழ்நாட்டில் பதிவு பெற்ற வீரர் கேரளக் கிளப்புக்குப் போகும்போது மாநிலங்களுக்கு இடையிலான மாற்றத்தை முறையாகச் செய்ய வேண்டும். இந்தப் பொறுப்பு கிளப்பினுடையதுதான் என்றாலும், நீங்களும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கிளப், கால்பந்துச் சங்கத்தில் முறையாக இணைந்து அவனைப் பதிவு செய்திருந்தால், அந்த ஆண்டுகளின் பதிவேட்டைத் தேடி எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் அவன் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே வெளிநாட்டுக்கு மாறி, அதற்காக ஒரு தொகை கைமாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். பதிவு இருந்தால்தான் உங்கள் ஊர்க் கிளப்பும் அதில் பங்கு கேட்க முடியும்.