ஆவண வழுக்கள்: எதை முதலில் எடுப்பது?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
திறந்த மூலத் தரவுத்தளத் திட்டம் ஒன்றில் ஆவண வழுக்களை, அதாவது பயன்பாட்டுக் கையேட்டில் உள்ள பிழைகளை, தரம்பிரிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, தவறான கட்டளை எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. எங்கே தொடங்கலாம்?

பதில் (மடிவாளா):
சேதம் விளைவிப்பதில் தொடங்குங்கள். காப்புநகலை மீட்கும் பக்கத்தில் ஒரு கட்டளை பிசகினால், நம்பிப் படித்தவரின் தரவே போய்விடும். அதை எழுத்துப்பிழையோடு சேர்த்துச் ‘சிறியது’ என்று குறிப்பது அநியாயம். டெபியன் என்ற திறந்த மூல இயங்குதளத்தின் வழுப் பதிவில் ‘கிரிட்டிக்கல்’ (மிகக் கடுமையானது) முதல் ‘விஷ்லிஸ்ட்’ (வெறும் விருப்பக் கோரிக்கை) வரை 7 தீவிரப் படிகள் உண்டு. ஆவணம் என்பதற்காகவே கீழ்ப்படிக்குத் தள்ளாதீர்கள். வழுவைச் சொன்னவரிடம் மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று கேட்டு, கட்டளையை நீங்களே இயக்கிப் பாருங்கள்.

பதில் (ஜெயநகர்):
சில நேரம் ஆவணம் சரியாக இருக்கும், நிரல்தான் தவறு. அவற்றை நிரலாளர்களுக்கு மாற்றுங்கள். எழுத்துப்பிழைகளைப் புதியவர்களுக்கு விட்டுவையுங்கள், அவர்கள் உள்ளே வரும் வாசல் அதுதான்.

கேட்டவர்:
நன்றி. மேம்படுத்தல் பக்கத்தின் கட்டளைகளை இன்றிரவே சோதிக்கிறேன்.