புதுப்பிப்பு: மின் அடுப்பின் வயரிங்கை இடம் மாற்றியது

மின் அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றும்போது பழைய வயரை இணைத்து நீட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இணைப்பே வேண்டாம், மெயின் போர்டிலிருந்து புதிய வயரை ஒரே நீளமாக இழுக்கலாம் என்ற யோசனையே பலித்தது. அடுப்பு 7 கிலோவாட், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுப்பது என்பதால், எலக்ட்ரீஷியன் 6 சதுர மி.மீ. செம்பு வயரும் தனி 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தி, எர்த் வயர் எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின்சாரம் கொடுத்தார். எதிர்பாராதது ஒன்று உண்டு: பழைய சுவிட்சைக் கழற்றியபோது ஒரு முனையின் திருகு தளர்ந்திருந்தது, அதையொட்டிய வயரின் உறை பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. நீட்டித்திருந்தால் அந்தச் சூடு சுவருக்குள்ளேயே தொடர்ந்திருக்கும். புதிய சுவிட்சை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், பக்கவாட்டில் கை எட்டும் தொலைவில் வைத்திருக்கிறோம்.