மவுண்ட் வெர்னானும் மான்டிசெல்லோவும்: போகலாமா, கூடாதா?

வழிப்போக்கன்:
கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வர்ஜீனியாவுக்கு வருகிறார்கள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடான மவுண்ட் வெர்னான், மறுநாள் சார்லட்ஸ்வில் பக்கம் மூன்றாம் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் பண்ணை வீடான மான்டிசெல்லோ என்று திட்டம் போட்டேன். நண்பர் ஒருவர், "அடிமைகளை வைத்து நடத்திய பண்ணைக்குக் காசு கொடுத்துப் போவீர்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் போக வேண்டும் என்றே படுகிறது. உங்கள் கருத்து?

செந்தாழை:
உங்கள் நண்பர் பக்கம்தான் நான். வாஷிங்டன் இறந்த 1799-இல் மவுண்ட் வெர்னானில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அடிமையாக வைத்திருந்தவர்கள் 600-க்கும் மேல். சுதந்திரப் பிரகடனத்தில் 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதிய அதே ஆள். அங்கே போகிறவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்தையும் ஆற்றையும் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வதைபட்ட இடம் சுற்றுலாத் தலமாகிவிட்டது. அதற்கு என் பணம் போக வேண்டாம்.

நூலகப்பூனை:
அக்கா, நீங்கள் சொன்ன கணக்குகளை விரித்துச் சொல்வதே அந்த வீடுகள்தான். மான்டிசெல்லோவின் முன்கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு. பீரங்கிக் குண்டு மாதிரியான எடைகள் கயிற்றில் இறங்க இறங்க, சுவரில் எழுதிய கிழமையைக் காட்டும். சுவரில் இடம் போதாமல் தரையில் துளை போட்டு, சனிக்கிழமையை நிலவறைக்குள் இறக்கிவிட்டார்கள். எல்லோரும் அதை ரசிப்பார்கள். கூரைமேல் உள்ள அதன் மணியோசை பண்ணை வேலைக்காரர்களுக்கும் கேட்டது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மல்பெரி ரோ, அடிமைகளின் குடிசைகளும் பட்டறைகளும் வரிசையாக இருந்த பாதை. 10 முதல் 16 வயது அடிமைப் பையன்கள் இரும்பு ஆணி செய்த பட்டறை அங்கேதான் இருந்தது. எந்தப் பையன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்றுகூட ஜெஃபர்சன் கணக்கு வைத்திருந்தார். கடிகாரத்தையும் பட்டறையையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறவர் அந்த மனிதரை முன்போல நினைக்க மாட்டார்.

பழையசெங்கல்:
நான் வேறு பக்கம். போக வேண்டும், ஆனால் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். இப்போது வழிகாட்டிகள் எந்த அறையிலும் அடிமைமுறையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அது தெரிய வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மவுண்ட் வெர்னானின் மரச்சுவரைக் கல் மாதிரி காட்ட ஈரப் பெயின்ட் மேல் மணலைத் தூவியதையும், வாஷிங்டனோடு போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லாஃபாயெத் அனுப்பிய பாரிஸ் பாஸ்டில் சிறைச் சாவி அங்கே நடுக்கூடத்தில் தொங்குவதையும் அதே அக்கறையோடு சொல்லலாமே. குடியரசைக் கட்டியவர்களைப் புரிந்துகொள்ளத்தான் மக்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

செந்தாழை:
செங்கல் சார், அந்தச் சுவரில் மணல் தூவிய கைகள் யாருடையவை? மான்டிசெல்லோ சாப்பாட்டு அறையின் கணப்புக்குப் பக்கத்தில் ஒயின் போத்தல்கள் மேலே வர ஒரு குட்டி லிஃப்ட் உண்டு. கீழே நிலவறையில் நின்று அதில் போத்தலை வைத்தவரை விருந்தாளிகள் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவரைப் பற்றிப் பேசினால் வீட்டைப் பற்றிப் பேசவில்லை என்று ஆகிவிடுமா? 1826-இல் ஜெஃபர்சன் இறந்ததும், கடனை அடைக்க, 1827 ஜனவரியில் அந்த இடத்திலேயே 130 பேரை ஏலம் போட்டார்கள். குடும்பங்கள் சிதறிப்போயின.

மேபிள்இலை:
இருவருக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு இடம் சொல்கிறேன்: மாசசூசெட்ஸில் குவின்சி. இரண்டாம் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் பிறந்த வீடு, அவர் மகனும் ஆறாம் குடியரசுத் தலைவருமான ஜான் குவின்சி ஆடம்ஸ் பிறந்த வீடு, பிற்காலத்தில் குடும்பம் வாழ்ந்த பீஸ்ஃபீல்ட் எல்லாம் ஒரே பூங்காவின் பராமரிப்பில் உள்ளன. ஜான் ஆடம்ஸ் அடிமை வைத்துக்கொண்டதே இல்லை. பிறந்த வீடுகள் மிக எளிமையானவை. ஆடம்ஸும் ஜெஃபர்சனும் ஒரே நாளில், 1826 ஜூலை 4 அன்று இறந்தார்கள். அதைப் பீஸ்ஃபீல்டில் நின்று கேட்டால் அப்பாவுக்குப் பிடிக்கும்.

நூலகப்பூனை:
குவின்சிக்கும் போகட்டும், நல்ல இடம். ஆனால் அங்கே மட்டும் போனால் வரலாற்றில் மனசுக்கு இதமான பாதிதான் கிடைக்கும். செந்தாழை அக்கா, ஒன்று யோசியுங்கள். மான்டிசெல்லோவில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்றார் என்ற கதையைப் பலர் தலைமுறை தலைமுறையாக மறுத்து வந்தார்கள். 1998-இல் அதற்கு ஆதரவாக மரபணுச் சோதனை வந்தது. 2018-இல் அவருக்காக மான்டிசெல்லோவில் ஒரு காட்சி அறையே திறந்தார்கள். 1993-இலிருந்து அடிமைகளின் வழிவந்தவர்களைத் தேடி, அவர்கள் குடும்பக் கதைகளைப் பதிவு செய்கிறார்கள். நான்காம் குடியரசுத் தலைவர் மேடிசனின் பண்ணை வீடான மான்ட்பீலியரில், அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் போராடி நிர்வாகக் குழுவில் சம இடம் வாங்கினார்கள். நீங்கள் புறக்கணித்தால் அவர்களுடைய உழைப்பையும் சேர்த்துப் புறக்கணிக்கிறீர்கள். மவுண்ட் வெர்னானை நடத்துவது 1853-இல் தொடங்கிய ஒரு பெண்கள் சங்கம். அது அரசுப் பணத்தில் நடப்பதில்லை, டிக்கெட் காசு முக்கியம்.

செந்தாழை:
வழித்தோன்றல்கள் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். மான்ட்பீலியருக்கு வேண்டுமானால் என் காசைக் கொடுப்பேன். மற்ற இரண்டுக்கும் மனசு வரவில்லை. வாஷிங்டன் தன் சொந்த அடிமைகள் 123 பேரை உயிலில் விடுவித்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதுவும் தன் மனைவியின் காலத்துக்குப் பிறகு என்றுதான் எழுதியிருந்தார். வாஷிங்டன் வீட்டில் அடிமையாக இருந்த ஓனா ஜட்ஜ் என்ற பெண் 1796-இலேயே பிலடெல்ஃபியாவிலிருந்து தப்பி ஓடினார். அவரைத் திரும்பப் பிடிக்க வாஷிங்டன் ஆள் அனுப்பினார். வழிப்போக்கன், உங்கள் பெற்றோரிடம் உயிலைச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
சொல்கிறேன் அக்கா. இரண்டு வீடுகளுக்கும் போவதென்று முடிவு செய்துவிட்டேன், மான்ட்பீலியரையும் சேர்த்துக்கொள்கிறேன். மவுண்ட் வெர்னானில் வாஷிங்டன் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடிமைகளின் இடுகாடும் 1983-இல் வைத்த நினைவுச்சின்னமும் இருப்பதாகப் படித்தேன். முதலில் அங்கே, அப்புறம்தான் மாளிகை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மான்டிசெல்லோவில் கீழிருந்து மலைமேல் போகப் பேருந்து விடுகிறார்களாமே, மல்பெரி ரோவில் மெதுவாக நடக்க முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையசெங்கல்:
நடக்கலாம் தம்பி, அவசரப்படாமல் போங்கள். ஜெஃபர்சன் கல்லறையையும் பார்த்துவிடுங்கள். குடியரசுத் தலைவராக இருந்ததை அதில் பொறிக்கவே அவர் விரும்பவில்லை. சுதந்திரப் பிரகடனம், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், வர்ஜீனியா பல்கலைக்கழகம், இவை மூன்றும் போதும் என்று எழுதி வைத்தார். செந்தாழை என்ன சொன்னாலும், அந்த மூன்றுக்காகவும் அங்கே போகலாம் என்பதுதான் என் கட்சி.